பம்ளிமாஸ் குட்டி

அத்தியாயம் நான்கு

எங்கள் நாட்டில் யாரையும் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். நுயென் என்ற பெயருக்கு அவ்வளவு மவுசு. எந்தக் காலத்திலோ எந்த ராஜாவுக்கோ பயந்து ஊர் ஊராக அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டார்களாம். பயந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பெயரைச் சுமப்பது நாங்கள். நானும் ஒரு நுயென்தான். முழுப் பெயர் நுயென் பாங். தொழில், துப்பறிவாளர் மியென் அக்காவுக்கு உதவியாளன். உபதொழில், அவரிடம் திட்டு வாங்குவது.

அன்று காலை அக்கா என் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஹாய்ஃபோங்கிலிருந்து தாய்பின் போகும் சாலை. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். அவர் பேசாமல் வந்தால் எனக்குத் திட்டு காத்திருக்கிறது என்று அர்த்தம். பேசினார், திட்டு இல்லை, கேள்வி.

"பாங், ஒருத்தன் பரிட்சையில நூத்துக்கு நூறு வாங்கினா என்ன நினைப்பே?"

"நல்லாப் படிச்சிருக்கான்னு நினைப்பேன்."

"நீ வாங்கியிருந்தா?"

"காப்பி அடிச்சிருக்கேன்னு நினைப்பேன்."

"அந்த கோவாத் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கான். எனக்கு அதுதான் பிடிக்கல."

கோவாத் யார், என்ன பரிட்சை என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களைத் தேடி வந்தவர் உயென் அம்மா. வயது ஐம்பது, ஹாய்ஃபோங்கில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா டாக்டர் லாங். கத்தி பிடிப்பதில் பெரிய கை, துறைமுகத்துக் கூலிக்காரன் முதல் கப்பல் கேப்டன் வரை அவரிடம்தான் வயிற்றைத் திறந்து காட்டுவார்கள். ஆனால் அந்தப் பெரிய மனிதர் யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. நாற்பத்தைந்தாம் வருடப் பஞ்சத்தில் தாய்பின் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. ஊர் பெயர் சொல்லத் தெரியவில்லை. அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு 'அப்பா' என்றாராம்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். தான் ஒரு நுயென். தங்கள் வீட்டில் 'காம்' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது, சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள்.

காம் என்றால் ஆரஞ்சுப் பழம். அந்த வீட்டு முன்னோர் யாருக்காவது அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். முன்னோர் பெயரை வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதைக் குறைவு. பெயரை மட்டுமல்ல, அந்தச் சத்தத்தையே நாக்கில் ஏற்ற மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதாவது ஒரு சாதாரண வார்த்தைக்கு விசித்திரமான மாற்றுப் பெயர் இருக்கும். டாக்டர் சாகும்வரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மகளையும் சொல்லவிடவில்லை.

அப்பா போன பிறகு உயென் அம்மா ஒரு டிவி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தார். "எங்க அப்பா ஆரஞ்சை அதோட பேரால சொல்ல மாட்டாரு. வேற ஒரு பேரு வச்சிருந்தாரு. அந்தப் பேரு தெரிஞ்சவங்க என் சொந்தக்காரங்க" என்றார். அந்த வேறு பெயரை மட்டும் சொல்லவில்லை. போன் மேல் போன் வந்தது. குண்டு எலுமிச்சை என்றார்கள், மஞ்சள் பந்து என்றார்கள், ஒருவர் வைட்டமின் சி என்றார். எல்லாம் தப்பு.

கடைசியில் கோவாத் என்றொருவர் தாய்பின் கிராமத்திலிருந்து கூப்பிட்டு, அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "பம்ளிமாஸ் குட்டி."

அதுதான் சரியான விடை. பம்ளிமாஸ் தேங்காய் அளவு பெரிய பழம், ஆரஞ்சு அதன் குட்டி. உயென் அம்மா போனைக் கையில் பிடித்தபடியே அழுதாராம்.

அழுது முடித்த பிறகு சந்தேகம் வந்து எங்களிடம் வந்தார். காரணம், எங்கள் இந்தப் பயணத்துக்கு மறுநாள் காலை நடக்கவிருந்த காரியம். எங்கள் பக்கத்தில் புதைத்த மூன்று நான்கு வருடத்தில் எலும்புகளை எடுத்துக் கழுவி, சின்ன மண்பெட்டியில் அடுக்கி மறுபடி அடக்கம் செய்வோம். அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. டாக்டரின் மண்பெட்டியைத் தங்கள் குலத்து நிலத்தில் வைக்க கோவாத் குழியே வெட்டிவிட்டார். தப்பான ஆட்கள் நடுவில் வைத்துவிட்டால் டாக்டர் காலத்துக்கும் அங்கேதான்.

"எங்க அப்பா ஒரு தடவை அநாதையா இருந்தது போதும்," என்றார் உயென் அம்மா. "அவரை யார் வீட்டுக்கு அனுப்புறேன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

கேஸை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் அப்போதே தலையாட்டிவிட்டேன். மியென் அக்கா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "விடை சரியா இருக்கு. அதான் இடிக்குது," என்றார்.

ஊர் எல்லையில் குளக்கரை ஓரம் ஒரு சாறு கடை. போர்டின் மேல் சாக்குத் துணி போட்டு மூடியிருந்தது. காற்றில் சாக்கு விலகியபோது கீழே பெரிய ஆரஞ்சுப் படமும், 'சுத்தமான காம் சாறு' என்ற எழுத்தும் தெரிந்தன.

"அக்கா, பழத்துக்குப் போர்வை போத்தியிருக்காங்க. காய்ச்சல் போல."

"நிறுத்து."

கடைக்காரர் தொந்தியும் சிரிப்புமாக இருந்தார். கோவாத் அவருக்குச் சித்தப்பா. ஒரே குலம், ஒரே நுயென்.

"போர்டை ஏன் மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அக்கா.

"டவுன்லருந்து டாக்டர் மக வந்திருக்காங்க. அவங்க மனசு நோகக் கூடாதுன்னு சித்தப்பா மூடச் சொன்னாரு. ஏதோ பழைய வழக்கமாம். எங்க காலத்துல யாருங்க அதெல்லாம் பாக்குறா?"

"உங்க அப்பா பாத்தாரா?"

"அவருதான் இந்தக் கடையையே ஆரம்பிச்சாரு."

அக்கா சாற்றை உறிஞ்சினார். குளத்துக்கு எதிர்க்கரையில் இன்னொரு குலத்தார் முன்னோருக்குப் படையல் வைக்கும் கூடம், ஃபாம் குலத்தாருடையது. வாசல் வளைவில் மூன்று வெள்ளைக் கோட்டுக்காரர்களின் படம், பூமாலையோடு.

"அவங்கல்லாம் யாரு?"

கடைக்காரர் முகம் சுருங்கியது. "அவங்க குலத்து டாக்டருங்க. நாம பாக்கணும்னே இந்தப் பக்கமா மாட்டியிருக்கானுங்க. தினம் கடையைத் திறந்தா அந்த மூணு மூஞ்சிலதான் முழிக்கணும். சித்தப்பாவுக்கு அதைப் பாத்தாலே சோறு இறங்காது."

"உங்க குலத்துல டாக்டர் இல்லையா?"

"இருக்காரு. பன்னி டாக்டர். அவரும் ரிட்டையர் ஆயிட்டாரு."

பைக் அருகே வந்ததும் நான் சொன்னேன். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. அப்பன் ஆரஞ்சுக் கடை ஆரம்பிச்சிருக்கான், இவனுங்க சொந்தமே இல்ல. இந்த ஆளுக்கு வாசல்ல மாட்ட ஒரு டாக்டர் வேணும், அவ்வளவுதான். செத்தவரைத் திருடப் பாக்குறான்."

"அப்போ பம்ளிமாஸ் குட்டி?"

நான் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

"உயென் நம்ப ஆசைப்படுறா. அவகிட்டப் போய்க் கடை போர்டைக் காட்டினா, இளசுங்க வழக்கத்தை விட்டுட்டாங்கன்னு அவன் ஒரு வார்த்தையில சொல்லிடுவான். அவளும் தலையாட்டுவா. அவன் வாயாலயே வரணும், பாங். ஒரே ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

"எந்த வார்த்தை?"

"தினம் என்கிட்ட நீ சொல்றதுதான்."

நான் தினம் அவரிடம் சொல்வது சம்பளம் எப்போது என்பதுதான். அதை வைத்து எப்படி ஒருவனைப் பிடிப்பது என்று குழம்பிக்கொண்டே பின்னால் போனேன்.

கோவாத் வீட்டை ஒட்டியே குலக்கூடம். உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது டாக்டர் லாங்கின் படம்தான். புதுச் சட்டம், புதுக் கண்ணாடி. மூதாதையர் படங்கள் எல்லாம் உள்ளங்கை அளவில் இருக்க, இவர் மட்டும் ஜன்னல் அளவில் இருந்தார். நாளைக்கு வாசலுக்குப் போகப்போகிற படம் என்று பார்த்தாலே தெரிந்தது.

கோவாத் அறுபத்தைந்து வயது ஆள். கறுப்புச் சாயம் பூசிய தலை, கோட்டு, காலில் பிளாஸ்டிக் செருப்பு. உயென் அம்மா எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். தூங்காத முகம்.

"வாங்க, வாங்க. தங்கச்சி சொல்லுச்சு, யாரோ விசாரிக்க வருவாங்கன்னு. நல்லா விசாரிங்க. நமக்கு மடியில கனமில்ல," என்றார் கோவாத். சமையலறைப் பக்கம் திரும்பி, "டீ" என்று குரல் கொடுத்தார்.

திரை விலகி ஒரு கை மட்டும் வந்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு மறைந்தது.

"வீட்டுக்காரம்மா வரலையா?" என்றார் அக்கா.

"அவளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல. ஒட்டுவாரொட்டி. இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஒட்டுவாரொட்டி வந்தவர் கையால் போட்ட டீயை அவரே மடக் மடக் என்று குடித்தார். அக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிறகு கோவாத் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். குலத்தின் பெருமை, பஞ்சத்தில் காணாமல்போன, தன் அப்பாவுக்குத் தம்பி முறையான பையன், அப்பா அவனைத் தேடி அலைந்த கதை. படையல் மேடையில் பழத்தட்டு இருந்தது. யாரும் கேட்காமலே மூன்று தடவை அதைக் காட்டி, "இந்தப் பம்ளிமாஸ் குட்டியைப் பாருங்க தங்கச்சி," "நம்ம வீட்டுல பம்ளிமாஸ் குட்டின்னா," "டாக்டர் சித்தப்பாவுக்கு இந்தப் பம்ளிமாஸ் குட்டின்னா உசுரு," என்றார். வீட்டில் வழக்கமாகச் சொல்கிற சொல்லை யாராவது இப்படி எடுத்து எடுத்து நீட்டுவார்களா? பல் கட்டியவன் சிரிப்பதுபோல இருந்தது எனக்கு.

"அந்தக் கடை போர்டு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இளசுங்க. வழக்கமெல்லாம் மறந்துடுச்சுங்க," என்றார் கோவாத். உயென் அம்மா தலையாட்டினார். அக்கா சொன்னது அப்படியே நடந்தது.

அக்கா டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு முழுத் திருப்தி. வீணா வந்து தொந்தரவு பண்ணிட்டேன். ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. ஊதுவத்தி ஏத்தி முன்னோர் முன்னாடி ஒரு வார்த்தை சத்தியமாச் சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"என்னன்னு சொல்லணும்?"

"உங்க வாய்ல வர்றபடி சொல்லுங்க. நான் சொல்லிக் குடுத்தா அது என் சத்தியம் ஆயிடும்."

கோவாத் கோட்டின் பொத்தானைப் போட்டார். மூன்று ஊதுவத்தி ஏற்றி நெற்றிக்கு நேரே பிடித்தார். கூட்டத்தில் பேசிப் பழகிய குரல், அதை நன்றாக ஏற்றிக்கொண்டார்.

"நுயென் டின் கோவாத் ஆகிய நான், டாக்டர் லாங் எங்க குலத்து ரத்தம்னு, முன்னோர் சாட்சியா, காம் தோவான்."

குனிந்து மூன்று முறை வணங்கி நிமிர்ந்தார். நல்ல சத்தியம். நான்கூடக் கும்பிட்டேன்.

உயென் அம்மா கும்பிடவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி?"

"எங்க அப்பா," என்றார் உயென் அம்மா மெதுவாக, "ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்ககிட்ட கையெழுத்து வாங்குவாங்களே ஒரு தாள், அதோட தலைப்பை ஒருநாளும் வாயால சொன்னதில்ல. 'அந்தத் தாள் எங்கே'ன்னுதான் கேப்பாரு. நர்சுங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காம் தோவான். சத்தியமாகச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் பேச்சில் இருக்கிற வார்த்தை. அந்தத் தாளின் தலைப்பு. லேட்டாக வந்த ஒவ்வொரு நாளும், பைக் டயர் பஞ்சர் என்று மியென் அக்காவிடம் நான் சொல்கிற வார்த்தை. தினம் வாயில் புரளுவதால் அதற்குள் ஒரு காம் உட்கார்ந்திருப்பதே எனக்குத் தெரியவில்லை. கோவாத்துக்கும் தெரியவில்லை. பழத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் பரிட்சைக்கு வந்திருக்கிறார்.

"வாய் தவறிடுச்சு," என்றார் கோவாத்.

"சின்ன வயசுலருந்து சொல்லாதது வாய் தவறியும் வராதுங்க," என்றார் அக்கா. "அதுவும் முன்னோர் முன்னாடி நின்னு, அவர் பேரையே சொல்லி, அவர் மேலயே சத்தியம். உங்க அப்பா பேரைச் சொல்லி ஒரு திட்டு திட்டுங்க பாப்போம், வருதான்னு."

கோவாத் சிவந்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. உடனே உட்கார்ந்து, நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. நான் பொய்க்காரன்னே வச்சுக்கோங்க. டிவில தங்கச்சி அந்தப் பேரைச் சொல்லல. டாக்டர் யார்கிட்டயும் சொல்லல. அப்போ பம்ளிமாஸ் குட்டின்னு எனக்கு யாரு வந்து சொன்னா? கனவுல வந்தாரா?"

உயென் அம்மாவுக்கு மனசு மறுபடி ஆடியது. எனக்கும் ஆடியது.

"நல்ல கேள்வி," என்றார் அக்கா. "நானும் காலைலருந்து அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். தலையே சுத்துது. பாங், சமையக்கட்டுல போய் அந்தம்மாகிட்ட குடிக்க ஏதாவது வாங்கிட்டு வா. புளிப்பா இருந்தா நல்லது."

கோவாத் துள்ளி எழுந்தார். "நானே கொண்டாரேன்."

"நீங்க உக்காருங்க. சத்தியம் பண்ணின களைப்பு இருக்கும்."

நான் அதற்குள் திரையைத் தாண்டிவிட்டேன்.

அடுப்படியில் அறுபது வயது அம்மா ஒருவர் கீரை அலசிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த கொண்டை, முழங்கைவரை ஈரம். கோவாத்தின் மனைவி லுவா அம்மா அவர்தான். இருமலும் இல்லை, தும்மலும் இல்லை.

"உடம்பு சரியில்லன்னு சொன்னாங்களேம்மா."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"அப்படியா. என்கிட்ட யாரும் சொல்லலையே," என்றார் லுவா அம்மா. "யாரோ ஜோசியக்காரங்க வந்திருக்காங்க, பொம்பளைங்க குறுக்க வரக் கூடாதுன்னு சொன்னாரு. நீங்கதான் ஜோசியரா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க. எங்க அக்காவுக்குத் தலை சுத்துது. கொஞ்சம் காம் சாறு கிடைக்குமா?"

"குட்டிதானே? இருக்கு. ரெண்டு பிழிஞ்சு தரேன்."

"எந்தக் குட்டிம்மா?"

அவர் ஈரக் கையால் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் காட்டினார். வெட்கப்பட்டுச் சிரித்தார். "பம்ளிமாஸ் குட்டி. சிரிக்காதீங்க தம்பி. எங்க பொறந்த வீட்டு வழக்கம். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, எல்லாரும் கேலி பண்ணியாச்சு, எனக்கு மட்டும் நாக்கு திரும்பல."

நான் சாற்றை மறந்தேன். அந்த அம்மாவையே அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கையில் பழம் அப்படியே இருந்தது.

திரை விலகி அவர் உள்ளே வந்ததும் கோவாத்தின் தோள் இறங்கியது. வேறு சாட்சியே தேவையில்லை. ஆனாலும் நான் சொன்னேன். "அக்கா, பரிட்சைப் பேப்பர் அவுட் ஆனது அடுப்படிலருந்து."

உயென் அம்மா பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாம் ஒண்ணுதானே," என்றார் கோவாத், பிடி கிடைக்குமா என்று துழாவிக்கொண்டே. "இவளும் நுயென், நானும் நுயென். நுயென் வீட்டு வழக்கம் நுயென் வீட்டு வழக்கம்தான்."

"அப்படியா?" என்றார் அக்கா. "டாக்டர் உங்க குலம்னு இப்போதான் சத்தியம் பண்ணினீங்க. இந்த வழக்கத்தைப் பாத்தா டாக்டரும் உங்க வீட்டுக்காரம்மாவும் ஒரே குலம். ரெண்டும் நிஜம்னா, முப்பது வருஷத்துக்கு மேல நீங்க குடும்பம் நடத்தறது உங்க தங்கச்சியோட."

கோவாத் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். ஒரே குலத்துக்குள் கல்யாணம் என்பது எங்கள் ஊர்களில் நாய்கூடக் குரைத்துத் துரத்துகிற விஷயம். எந்தப் பக்கம் பேசினாலும் அடி.

லுவா அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இதற்கு மட்டும் பதில் சொன்னார். "ஐயோ, அபாண்டம். பொண்ணு கேட்டு வந்தப்போ எங்க அப்பா முதல்ல கேட்டதே அதைத்தான். ரெண்டும் ஒரே நுயெனா, வேற வேறயான்னு. வேற வேறன்னு இவருதான் சொன்னாரு. நாங்க ஆத்தோரத்து நுயென்."

"உக்காருங்கம்மா," என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "ஒரு விஷயம் கேக்கறேன். என் காதுல மட்டும் சொல்லுங்க. உங்க பொறந்த வீட்டுல சத்தியம் பண்ணணும்னா என்ன சொல்வீங்க?"

லுவா அம்மா கணவரைப் பார்த்தார். பிறகு குனிந்து அக்கா காதில் ஏதோ சொன்னார்.

அக்கா உயென் அம்மாவிடம் திரும்பினார். "இப்போ நீங்க சொல்லுங்க. சத்தமா. உங்க அப்பா உங்களுக்கு ஒரு வாக்குக் குடுக்கணும்னா என்ன சொல்வாரு?"

"அடுப்பு சாட்சின்னு சொல்வாரு," என்றார் உயென் அம்மா.

லுவா அம்மா கையிலிருந்த பழம் உருண்டு போய் மேடைக் காலில் முட்டி நின்றது.

கூடவே வாழ்கிறவள் என்ன சொல்கிறாள் என்று கோவாத் கவனித்திருந்தார், எதைச் சொல்லவில்லை என்று கவனிக்கவில்லை. 'அடுப்பு சாட்சி'யை ஏதோ அடுப்படிப் பேச்சு என்று இத்தனை வருடம் தள்ளியிருப்பார்.

அக்கா எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். டாக்டர், பஞ்சம், டிவி நிகழ்ச்சி. டிவி என்றதும் லுவா அம்மா நிமிர்ந்தார்.

"எந்த மாசம்?"

உயென் அம்மா சொன்னார்.

"டிவி ரிப்பேர்னு சொன்னீங்களே," என்று கணவரைக் கேட்டார் லுவா அம்மா. கத்தவில்லை. "ஒரு வாரம் துணி போட்டு மூடி வச்சிருந்தீங்க. என்னைத் தொடவிடல. எங்க அப்பா போனதுலருந்து எனக்குப் பொறந்த வீட்டுப் பக்கம் யாருமே இல்லன்னு உங்களுக்குத் தெரியும். கோடிச் சேலை போடக்கூட ஆள் இல்லன்னு எத்தனை தடவை அழுதிருக்கேன். தெரிஞ்சிருந்தும் மறைச்சிருக்கீங்க. ஒரு படம் மாட்டறதுக்காக."

கோவாத் தரையைப் பார்த்தார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு அப்போது மனசு வரவில்லை. அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அந்த வார்த்தை..." என்றார் உயென் அம்மா. "அது யாரு?"

லுவா அம்மா சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. எழுந்துபோய் மேடைக் காலருகே கிடந்த பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, உயென் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க தாத்தாவோட தாத்தா. அவர் பேரு இது."

உயென் அம்மா பழத்தையே பார்த்தார். "அம்பது வருஷமா இதைப் பழம்னே நினைச்சிட்டிருந்தேன்."

"எங்க தாத்தாவுக்கு ஒரு கடைசித் தம்பி இருந்தாரு. வீட்டுல நண்டு, நண்டுன்னு கூப்பிடுவாங்களாம், நிக்காம ஓடுவாராம். பஞ்சத்துல அவங்க அம்மா, டவுனுக்குப் போனா ஒரு வாய்க் கஞ்சி கிடைக்கும்னு ஒரு உப்பு வண்டியில ஏத்தி விட்டிருக்காங்க. வண்டிக்காரனும் திரும்பல, அவரும் திரும்பல. செத்துட்டாருன்னு முடிவு பண்ணி, வண்டி கிளம்பின நாளையே திதியா வச்சிட்டாங்க. தாத்தா செஞ்சாரு, எங்க அப்பா செஞ்சாரு, இப்போ நான். கட்டிக்குடுத்த பொண்ணு செய்யக் கூடாதுதான். வேற யாரு இருக்கா? போன மாசம்கூட அவருக்கு ஒரு கிண்ணம் சோறு வச்சேன்."

"நண்டா?" என்றார் உயென் அம்மா. ஹாய்ஃபோங்கையே நடுங்கவைத்த அறுவை டாக்டருக்கு வீட்டில் நண்டு என்று பெயர். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அவரைத் திணறடித்தன.

லுவா அம்மா விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தார். தாத்தா, தாத்தாவின் தம்பி, தம்பியின் மகள். எண்ணி முடித்ததும் நரைத்த தலையைக் குனிந்து, தன்னைவிடப் பத்து வயது சின்னவரின் முன்னால் இரண்டு கையையும் சேர்த்தார்.

"எங்க அப்பாவுக்குத் தங்கச்சி முறை ஆகுறீங்க. எனக்கு நீங்க அத்தை."

உயென் அம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் 'தங்கச்சி, தங்கச்சி' என்று உருகியவர் ஓரமாக நின்றார். இப்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சொந்தம் கேட்டீங்க, கிடைச்சிடுச்சு. உங்களுக்கும் அத்தைதாங்க. மரியாதையா கூப்பிடுங்க."

கோவாத் தொண்டையைச் செருமினார். "அத்தை," என்றார், கேட்டும் கேட்காமலும். "நாளைக்கு... அந்தக் குழி..."

"அதை மூடுங்க," என்றார் லுவா அம்மா, திரும்பிப் பார்க்காமல். "நீங்களே மண்வெட்டி எடுத்து மூடுங்க." பிறகு உயென் அம்மாவிடம் சொன்னார். "ஆத்தங்கரையில எங்க நிலம் இருக்கு அத்தை. வருஷா வருஷம் நான்தான் புல்லு செதுக்கறேன். நண்டுத் தாத்தாவோட அம்மா அங்கதான் படுத்திருக்காங்க. பக்கத்துல ஒரு இடம் விட்டே வச்சிருக்கு. யாரையும் வைக்கவிடக் கூடாதுன்னு அந்தம்மா சாகும்போது சொன்னாங்களாம். நாளைக்கு அவரை அங்க கொண்டாங்க."

உயென் அம்மா தலையாட்டினார்.

மியென் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார், கிளம்பலாம் என்று. நாங்கள் வாசல்வரை போய்விட்டோம். லுவா அம்மா எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. எதற்காகவோ நாங்கள் இருவருமே நின்றோம்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? எங்க தாத்தா சாகறவரைக்கும் இதையேதான் கேட்டுட்டிருந்தாரு. அந்த டவுன்ல... அவனுக்குச் சோறு கிடைச்சுதா?"

உயென் அம்மா அவருடைய ஈரக் கையை விடவில்லை.

"தினமும் ரெண்டு கிண்ணம் சாப்பிடுவாரும்மா," என்றார். "மூணாவது கேப்பாரு. சர்க்கரை இருக்குன்னு நான்தான் தர மாட்டேன்."